தெருவில் படம் எடுப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவும் கையுமாகத் தெருவில் திரிகிற ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், எங்கே போனாலும் கேள்விகள் வரும். பாதிக்கு மேல் கேமராவைப் பற்றித்தான் இருக்கும். எனக்கு நேரம் போவதெல்லாம் ஓரிடத்தில் நிற்பதிலும், மனிதர்களைச் சமாளிப்பதிலும், எடுத்துவந்ததைக் கழித்துக்கட்டுவதிலும்தான். அதனால் சில பதில்கள் சின்னதாக இருக்கும், சில நீளும்.

என்ன கேமரா வாங்கலாம்?

கையில் இருப்பதை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். வாங்கியே தீருவேன் என்றால் கடையில் மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: பொத்தானை அழுத்தியதிலிருந்து முதல் படம் எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ஒரே கையால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, நாள் முழுக்க தூக்கிக்கொண்டு நடந்தால் தோள் வலிக்குமா. மெகாபிக்சல் கணக்கை விடுங்கள். 24 மெகாபிக்சல் என்றால் அகலத்தில் 6000, உயரத்தில் 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்து அச்சடித்தாலும் 20 அங்குல அகலத்தில் வரும். சுவரில் மாட்ட அது தாராளம்.

சின்ன கேமரா என்பது இந்த வேலையின் அடிப்படை, ஃபேஷன் கிடையாது. 1925-இல் ஜெர்மனியின் லைக்கா கேமரா சந்தைக்கு வந்தபோது அதன் பெருமையே கோட்டுப் பைக்குள் கொள்ளும் அளவுதான். சினிமாவுக்கான 35 மி.மீ. சுருளைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தியதால் அது முடிந்தது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பால் மறைத்து வைத்திருந்தார், யார் கண்ணிலும் படக்கூடாது என்று. ஜப்பானின் டைடோ மோரியாமா ரிக்கோவின் உள்ளங்கை அளவு கேமராக்களை வைத்துக்கொண்டுதான் பல வருடங்களாகத் தெருத்தெருவாக நடந்திருக்கிறார்.

ஃபோன் போதாதா?

பகலில் போதும். ஃபோனில் ஒரு வசதி, நீங்கள் படம் எடுக்கிறீர்கள் என்றே யாரும் நினைக்க மாட்டார்கள்; எல்லோர் கையிலும் அது இருக்கிறதே. ராத்திரியில்தான் சிக்கல். வெளிச்சம் குறைந்தால் ஃபோன் அடுத்தடுத்து பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, அந்த நேரத்தில் ஆள் நகர்ந்தால் கை ஒரு பக்கம் கரைந்து போகும், இல்லாவிட்டால் முகம் மெழுகு பூசின மாதிரி ஆகும். இன்னொன்று, படம் எடுக்கலாம் என்று கையில் எடுத்தால் ஏதாவது ஒரு செய்தி வந்து நிற்கும், அதைப் படித்து முடிப்பதற்குள் எதிரே நடந்தது நடந்து முடிந்திருக்கும்.

எந்த லென்ஸ்?

28, 35, 50 மி.மீ. எண் சின்னதாக இருந்தால் படத்தில் அதிக அகலம் வரும். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு சில மாதம் அதோடே இருங்கள். ஒரே லென்ஸோடு பழகினால், கேமராவைத் தூக்கும் முன்பே படத்தின் சட்டத்துக்குள் எது வரும், எது வெட்டுப்படும் என்று காலுக்குத் தெரிந்துவிடும்; தானாகவே ஓரடி முன்னால் போய் நிற்பீர்கள். நான் பெரும்பாலும் 28-இல் எடுக்கிறேன். அதில் சுற்றுப்புறமும் சேர்ந்து வருகிறது, பெருநகரத்தில் ஒரு மனிதரைச் சுற்றி இருக்கும் கூட்டமும் பலகையும் கம்பியும் இல்லாவிட்டால் எனக்கு அந்தப் படத்தில் பாதி இல்லை. கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு 50 சொல்வேன், கொஞ்சம் தள்ளி நிற்கலாம்.

200 மி.மீ. ஜூம் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரியிலிருந்து எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், தடையில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒளிந்திருந்து எடுத்தது அப்பட்டமாகத் தெரியும். பக்கத்தில் நின்று எடுத்தால் அவர் என்னையும் பார்க்கிறார், நானும் மாட்டிக்கொள்ளக்கூடிய இடத்தில் இருக்கிறேன். அது நியாயமாகவும் படுகிறது, படமும் நன்றாக வருகிறது.

செட்டிங் என்ன வைக்கிறீர்கள்?

ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/500 நொடி, லென்ஸின் துளை அளவு எஃப் 8, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ ஆட்டோ. பகலில் இதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. நடப்பவர்களின் கால் கூர்மையாக வர 1/250-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளிபுள்ளியாக வருமே என்று பயப்பட வேண்டாம். புள்ளி விழுந்த நல்ல படத்தை யாரும் குறை சொல்வதில்லை. அசங்கிப்போன படத்தை மட்டும் எந்த மென்பொருளாலும் முழுதாக நிமிர்த்த முடியாது.

ஃபோகஸுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. தானியங்கியை அணைத்துவிட்டு ஒரு தூரத்தில் நிறுத்தி வைத்துவிடுவது. படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் பெரிதாக இருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, சுமார் 3.3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் 1.6 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏறத்தாழத் தெளிவாக வரும். அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சாரில் அதே கோணம் தரும் 18 மி.மீ. லென்ஸ் என்றால் 2 மீட்டரில் நிறுத்தினால் போதும், 1 மீட்டரிலிருந்தே தெளிவு கிடைக்கும். அப்புறம் கேமரா யோசிப்பதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, அழுத்தினால் விழும். இருட்டில் இது வேலை செய்யாது, துளையைத் திறந்துதான் ஆக வேண்டும், அங்கே முகத்தை அடையாளம் காணும் தானியங்கி ஃபோகஸ் உண்மையிலேயே பெரிய உதவி.

ராத்திரிப் படங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதே?

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன, 60 ஹெர்ட்ஸ் என்றால் 120. கண்ணுக்குத் தெரியாது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் ஒரு வரி வெளிச்சத்திலும் அடுத்த வரி மங்கலிலும் மாட்டிக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் உள்ள இடமென்றால் 1/100 அல்லது 1/50-க்கு இறக்கிப் பாருங்கள், இல்லையென்றால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். பெரிய எல்ஈடி விளம்பரப் பலகைகள் தங்களுக்கென்று வேறு வேகத்தில் மினுக்கும், அவற்றுக்கு முயன்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேகமாகப் போகும் பேருந்து படத்தில் சாய்ந்து தெரிவதும் இதே வரிவரிப் படிப்பால்தான்.

கேட்காமல் எடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. பொதுவாகப் பல இடங்களில் பொதுவெளியில் எடுப்பது பெரிய பிரச்சினை இல்லை, எடுத்ததை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விவகாரம் வரும். நியூயார்க்கில் பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக்காரர் தெருவில் போனவர்களை அவர்களுக்குத் தெரியாமல் விளக்குகள் பொருத்தி எடுத்தார். படத்தில் இருந்த ஒருவர் வழக்குப் போட்டார், 2006-இல் நீதிமன்றம் அது கலைப்படைப்பு என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதற்கு நேர்மாறாக, கனடாவின் கியூபெக்கில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியில்லாமல் ஒரு இதழ் வெளியிட்டதற்கு 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜெர்மனியில் 1907-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரின் உருவத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்கிறது, கூட்டத்தில் ஒருவராக வந்தால் விலக்கு உண்டு. ஹங்கேரி 2014-இல் வந்த சிவில் சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், எடுப்பதற்கே சம்மதம் கேட்கச் சொல்லிவிட்டது. அதனால் வெளியூர் போகும் முன் அந்த ஊர் விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

சட்டம் ஒரு பக்கம். சட்டப்படி எடுக்கலாம் என்பதற்காக எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. நடைபாதையில் தூங்குகிறவர்கள், அழுகிறவர்கள், மருத்துவமனை வாசலில் நிற்கிறவர்கள், போதையில் விழுந்து கிடக்கிறவர்கள் ஆகியோரை நான் எடுப்பதில்லை. அவர்களுக்குத் திருப்பிச் சொல்லவோ முகத்தைத் திருப்பிக்கொள்ளவோ வழியில்லை. ஏழ்மையைக் காட்டி உலகை உலுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு எடுக்கப்படும் படங்களில் பெரும்பகுதி, எடுத்தவருக்கு நாலு பாராட்டு வாங்கிக் கொடுத்ததைத் தவிர வேறெதையும் செய்ததில்லை. குழந்தைகள் என்றால் பெரியவர்களை ஒரு முறை பார்ப்பேன், அவர்கள் முகத்தில் சரி என்று தெரிந்தால் மட்டும்தான்.

யாராவது கோபப்பட்டால் என்ன செய்வீர்கள்?

முதலில் கேமராவைக் கீழே இறக்கிவிடுவேன். கண்ணுக்கும் முகத்துக்கும் நடுவில் கேமராவை வைத்துக்கொண்டு பேசுவது எதிராளியை இன்னும் சூடாக்கும். அப்புறம் நானே அவரிடம் நடந்து போவேன். நழுவிப் போனால்தான் திருடன் மாதிரி ஆகிவிடுகிறது. "உங்க பின்னாடி இருந்த அந்த வெளிச்சம் நல்லா இருந்துச்சு, அதான் எடுத்தேன், பாருங்க" என்று திரையைக் காட்டுவேன். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும், ஏனென்றால் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்த படம் வேறு எதுவோ. அழித்துவிடுங்கள் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுவேன். எனக்கு உரிமை இருக்கிறது என்று சட்டம் பேசலாம்தான், ஆனால் ஒரு படத்துக்காக ஒருவருடைய நாளைக் கெடுப்பதற்கு எனக்கு மனசு வருவதில்லை. அடுத்த முறை அதே தெருவுக்கு நான் போகவும் வேண்டும்.

எதிர்பாராத திசையிலிருந்தும் கேள்வி வரும். ஒருவரை எடுத்தால் பேசாமல் போய்விடுவார், சம்பந்தமே இல்லாத நாலாவது ஆள் வந்து "எதுக்கு எடுக்கறீங்க, எந்தப் பத்திரிகை" என்று விசாரிப்பார். அவரிடமும் பொறுமையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் பெரும்பாலும் "என்னையும் ஒண்ணு எடுங்க" என்று முடியும். அந்தப் படங்கள் எதற்கும் தேறாது, ஆனாலும் எடுப்பேன். எடுத்ததை அனுப்பி வைக்கிறேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்பிவிடுங்கள்.

வணிக வளாகம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் காவலாளி வந்தால் வாதாட வேண்டாம். அவருக்கு மேலிருந்து வந்த உத்தரவு, அவ்வளவுதான். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முன்பின் தெரியாதவர்களை எடுக்கக் கை வரவில்லை. என்ன செய்ய?

நடப்பதை நிறுத்துங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நடந்துகொண்டே இரை தேடுகிறார்கள், எதையாவது பார்த்ததும் திடுக்கென்று நின்று கேமராவைத் தூக்குகிறார்கள், அது எதிரில் இருப்பவரைப் பதற வைக்கிறது. நல்ல வெளிச்சம் விழும் ஒரு மூலையில் போய் நில்லுங்கள். பத்து நிமிஷம் ஆனதும் நீங்கள் அங்கே இருக்கும் கம்பத்தைப் போல ஆகிவிடுவீர்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். மனிதர்கள் தாங்களாகவே உங்கள் சட்டத்துக்குள் நடந்து வருவார்கள், அவர்களுக்கு நீங்கள் முன்பே அங்கே இருந்தவர்.

கண்ணில் வைத்துப் பார்க்காமல், திரையை மடக்கி இடுப்பளவில் வைத்தும் எடுக்கலாம். விவியன் மேயர் வைத்திருந்த ரோலைஃப்ளெக்ஸ் அப்படிப்பட்டதுதான், குனிந்து மேலிருந்து பார்த்து எடுப்பது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர், ஏறத்தாழ யாருக்குமே காட்டவில்லை; 2007-இல் அவருடைய பொருட்கள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் அவை வெளியே தெரியத் தொடங்கின. அவர் 2009-இல் இறந்துவிட்டார்.

எந்த நேரம், எந்த இடம்?

காலையும் மாலையும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், வெயில் சாய்ந்து விழும். ஆனால் உச்சி வெயிலை ஒதுக்க வேண்டாம். கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த பகுதியில் வெயில் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, நிழலான பக்கத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக விழும். அந்தத் துண்டுக்கு வெளிச்சத்தை அளந்து வைத்துக்கொண்டு யாராவது அதற்குள் கால் வைக்கும் வரை காத்திருப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. சுற்றிலும் கறுப்பாகிவிடும், முகம் மட்டும் எரியும்.

இடம் என்றால் மனிதர்கள் சும்மா நிற்க வேண்டியிருக்கும் இடங்கள். சிக்னல், பேருந்து நிறுத்தம், எதற்காகவாவது நீளும் வரிசை. காத்திருக்கும் முகத்தில் யாரும் வேஷம் போடுவதில்லை. மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள், நீங்கள் வெளியே போங்கள்.

கறுப்பு வெள்ளையா, வண்ணமா?

வண்ணத்தில் சரியாக வரவில்லை என்பதற்காகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். சுமாரான படம் சாம்பல் நிறத்திலும் சுமார்தான், கொஞ்சம் கம்பீரமாகத் தெரியும், அவ்வளவே. ஒரு காலத்தில் வண்ணம் என்றால் விளம்பரம் என்று ஒதுக்கினார்கள். 1976-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வில்லியம் எகில்ஸ்டனின் வண்ணப் படங்களை மாட்டியபோது விமர்சகர்கள் சிலர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் சால் லைட்டர் 1940-களின் இறுதியிலிருந்தே அதே நகரத்தின் தெருக்களை வண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். குடை, பனி, நீர் வழியும் கண்ணாடி என்று அவர் எடுத்தவற்றில் நிறத்தை எடுத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. உங்கள் படத்தையும் அப்படிக் கேட்டுப் பாருங்கள், நிறம் போனால் என்ன குறைகிறது என்று.

ஒரு நாளில் எத்தனை படம் தேறும்?

பெரும்பாலான நாட்களில் ஒன்றுகூடத் தேறாது. புகைப்படக்காரர் ராபர்ட் ஃப்ராங்க் 1955, 56-இல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000-க்கும் மேல் எடுத்தார், 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் வைத்தது 83. அந்தக் கணக்கில் பார்த்தால் முந்நூறுக்கு ஒன்று. அவருக்கே அப்படி.

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று காலில் ஏறிய வலி, அந்த இடத்துக் கலாட்டா, அந்த ஆள் சிரித்தது எல்லாம் மனதில் இருக்கும், அதையெல்லாம் படத்துக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். பார்க்கிறவருக்கு அது எதுவும் தெரியாது, அவருக்குச் சட்டத்துக்குள் இருப்பதுதான். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிம் சுருள்களை ஒரு வருடத்துக்கும் மேல் கழுவாமலே வைத்திருப்பார், எடுத்த நேரத்து ஞாபகம் மங்கட்டும் என்று. 1984-இல் அவர் இறந்தபோது கழுவாமலே ஏறத்தாழ 2,500 சுருள்கள் கிடந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு மாதம் பொறுத்தாலே போதும். நான் முதல் சுற்றில் வேகமாக ஓட்டிவிட்டு, கண் தானாக நின்றதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம் போடுவேன். சில வாரம் கழித்து அந்த நட்சத்திரங்களை மட்டும் பார்ப்பேன். அதில் பாதி விழும். எது எடுபடுகிறது என்பதில் புகைப்படமே தெரியாத ஒருவரிடம் காட்டுவது பலன் தரும். விளக்கம் மட்டும் சொல்லக் கூடாது. விளக்கம் சொன்னால்தான் புரிகிறது என்றால் கழித்துவிடலாம்.

எடிட்டிங்கில் என்னவெல்லாம் செய்வீர்கள்?

சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்து, சாய்வை நிமிர்த்தி, வெளிச்சத்தைச் சரிபார்த்து, நிழலை இன்னும் கொஞ்சம் கறுக்கவிட்டு, ஓரத்தில் கண்ணை இழுக்கும் வெள்ளைத் திட்டு இருந்தால் மங்கவைப்பேன். ஒரு படத்துக்குச் சில நிமிஷம்தான். நிழலையெல்லாம் ஏற்றி எல்லாவற்றையும் தெரிய வைக்கிற பழக்கம் இப்போது நிறைய இருக்கிறது. இருட்டு இருட்டாக இருந்தால்தான் வெளிச்சத்துக்கு மரியாதை.

கம்பியை, குப்பையை, நடுவில் வந்த ஆளை அழிப்பீர்களா என்றால், மாட்டேன். இப்போது ஒரு விரல் தொட்டால் ஆளே காணாமல் போகிறார், அதனாலேயே இன்னும் கறாராக இருக்கிறேன். செய்தித் துறையில் இது இன்னும் கெடுபிடி. 2015-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம் ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவே உருவாக்கித் தரும் ஜேபெக் படத்தை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. நான் செய்தி எடுப்பவன் இல்லை, ஆனாலும் தெருவில் இருந்தது என்று சொல்லிக் காட்டுவது தெருவில் இருந்திருக்க வேண்டும்.

கிராப் செய்யலாமா என்றால், தாராளமாக. கிராப்பையே பிடிக்காத கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸில் எடுத்த, தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் படமே வெட்டப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஒரு பக்கம் மறைந்திருந்தது.

இணையத்தில் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபோன் படங்களில் இடத்தின் விவரம் உள்ளேயே பதிவாகியிருக்கும், அதை நீக்கிவிடுங்கள். அடையாளம் தெரியும் ஒருவரைக் கிண்டல் செய்கிற தலைப்பு வைக்காதீர்கள். எடுத்தவுடன் போடவும் வேண்டாம். லைக் எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை; நாய், குடை, முத்தம் இவை மூன்றுக்கும் எப்போதும் நிறைய விழும்.

இதில் சம்பாதிக்க முடியுமா?

மிகச் சிலருக்கு. மற்றவர்கள் கல்யாணம், விழா, வகுப்பு என்று வேறு எதையாவது செய்து இதை நடத்துகிறார்கள். விளம்பரத்துக்குப் படத்தை விற்பதானால் அதில் இருப்பவரின் கையெழுத்திட்ட சம்மதம் பெரும்பாலும் கேட்பார்கள், தெருவில் அதை வாங்குவது நடக்கிற காரியமில்லை.

பையில் என்ன இருக்கும்?

கேமரா ஒன்று, லென்ஸ் ஒன்று. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பேட்டரியைக் குடிக்கும் என்பதால் கூடுதலாக இரண்டு பேட்டரி. ஒரு கார்டு உபரி. மெல்லிய துணி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. குளிரூட்டிய இடத்திலிருந்து புழுக்கத்துக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும், கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே விட்டு வைத்தால் சரியாகிவிடும். அவசரப்பட்டுத் துடைத்தால் திரும்பப் படியும். வீட்டுக்கு வந்ததும் கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றுவேன், ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கும், அதற்குப் பிறகுதான் கார்டை அழிப்பது. இதையெல்லாம் விட முக்கியமானது செருப்போ ஷூவோ, கேமராவுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை அதற்கு ஒதுக்குங்கள்.